காற்று கேட்ட எடை

“எறங்குடி கீழ. கொட்டை நிறுக்கற தராசுல மனுசங்க ஏறி நின்னா யாவாரம் வெளங்குமா?”

சுந்தராம்பாள் கத்தியது காதில் விழாதவள்போல இலக்கியா செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசின் இரும்புத் தட்டில் ஏறி நின்றாள். சிவப்பு எண்கள் துள்ளின, தயங்கின, முப்பத்து மூன்றைத் தொட்டு நின்றுவிட்டன. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். எண் அசையவில்லை. மூட்டையோடு காத்திருந்த பெரியவர், “பாப்பா, ரெண்டு கை கொட்டைய அள்ளி மடியில கட்டிக்க, ஏறிரும்” என்றார்.

“காத்துக்கிட்ட அந்தக் கள்ளத்தனம் செல்லாதுங்க தாத்தா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆண்டிமடத்துப் பக்கம் சித்திரை என்றால் முந்திரிதான். மரத்தடியில் விழுந்து அழுகும் பழங்களின் புளித்த வாடை தெருவரைக்கும் வந்து நிற்கும். இலக்கியாவின் அப்பா மணிமாறனுக்குச் சொந்தத் தோப்பு கொஞ்சம்தான். சுற்றுவட்டாரத்தில் கொட்டை வாங்கி மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடுவது பிழைப்பு. பருவம் முடிகிற வரை வாசல் கொட்டகையில் அந்தத் தராசு உட்கார்ந்திருக்கும். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்ட அவர் அக்கா சுந்தராம்பாள், கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு வந்தவள், தம்பிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தங்கிவிட்டாள். ஒத்தாசை என்பது கொட்டகை நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் ஏவுவது.

“ஏன் பூங்குழலி, ஒம் பொண்ணு தெனம் ஏறி ஏறிப் பாக்கறாளே, எதுக்கு?”

“முப்பத்தஞ்சு கிலோ வரணுமாம் அண்ணி.”

“வந்தா?”

“கடலுக்குப் போவா.”

சுந்தராம்பாளின் விசிறி நின்றது. “எங்க பெரம்பலூருக்கு இன்னும் ரயிலே வந்து சேரல. இவ கடலுக்குப் போறாளாம்ல, கடலுக்கு.”

கடல் இந்த வீட்டுக்குள் வந்தது பூங்குழலியின் தம்பி செந்தில்குமாரால். ராமநாதபுரத்துக் கடற்கரையில் ஓரிடத்தில் சமையல் வேலைக்குப் போனவன் அவன். அங்கே வருகிறவர்கள் ஒரு பெரிய பட்டத்தின் நூல்களை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையைப் பூட்டிக்கொண்டு, காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர் மேல் வழுக்கிப் போவார்கள். கைட்போர்டிங் என்று பெயர். குழம்பு கொதிக்கிற இடைவெளியில் செந்தில் பட்டங்களுக்குக் காற்றடித்தான், நூல் சிக்கெடுத்தான், கரையில் பிடித்துக் கொடுத்தான். இப்போது அடுப்பை வேறொருவனிடம் விட்டுவிட்டு அவனே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறான். இலக்கியாவுக்கு ஒன்பது வயதில் பூங்குழலி அவளைக் கூட்டிக்கொண்டு தம்பியைப் பார்க்கப் போனாள். சின்னச் சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு போனதை இலக்கியா வாய் திறந்தபடி பார்த்தாள். “மாமா, நான்?” என்றாள்.

செந்தில் அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்து, இறக்கி விட்டான். “வயசு ஒரு கணக்கே இல்ல பாப்பா. எட்டு வயசுல ஆரம்பிக்கற புள்ளையும் உண்டு, பன்னண்டு வயசுல பயந்து ஓடற புள்ளையும் உண்டு. நீந்தத் தெரியணும். சொன்ன பேச்சைச் சொன்ன நிமிசமே கேக்கணும். எல்லாத்துக்கும் மேல எடை வேணும். எங்க எடத்துல முப்பத்தஞ்சுக்குக் கொறஞ்ச புள்ளைய நாங்க தண்ணியில எறக்க மாட்டோம். கொறைச்சலா இருந்தா காத்துக்கு நீதான் பட்டம்.”

நீச்சல் அவளுக்கு முன்பே வரும். ஐந்து வயதில் அப்பாதான் தோப்புக் கிணற்றில் பழக்கினார். முதுகில் காலி எண்ணெய்க் கேன், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படிக்கட்டில் நின்ற மணிமாறனின் கையில். “அப்பா புடிச்சிருக்கேன், நீ அடி, நீ அடி” என்ற குரல் கிணற்றுச் சுவரில் மோதி இரண்டாகத் திரும்பி வரும். கயிற்றை அவர் கையில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பிடிப்பார். அந்த ஊரில் கயிறு பிடிக்கிற எவரும் அப்படித்தான். கன்றுக்குட்டியோ காளையோ, சுற்றாமல் பிடித்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான்.

அந்தச் சுற்றுதான் அவரைப் பழிவாங்கியது. இலக்கியா கடலைப் பார்த்து வந்த அந்த ஒன்பதாவது வயதுக் கோடையில் செந்தில் மருமகள் பழகட்டும் என்று தரையில் விடுகிற ஒரு சின்னப் பட்டத்தைக் கொண்டுவந்தான். வற்றிக் கிடந்த ஏரியில் வைத்துக் காட்டினான். “இவ்ளோதானா, குடு மாப்ள” என்று வாங்கிய மணிமாறன், நூல் நுனியில் இருந்த கைப்பிடிக் கட்டையை விட்டுவிட்டு நூலையே இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். காற்று ஒரு தடவை நன்றாக வீசியது. ஊரில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கருவேலங்கட்டைகள் மேல் பட்டம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. “விடுங்க மாமா, விடுங்க” என்று செந்தில் பின்னால் ஓடினான். அவர் விடவில்லை. விட முடியவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. டீக்கடையில் கொஞ்ச காலம் அவருக்கு ‘ஏரோப்ளேன்’ என்று பெயர் இருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பட்டம் பரணுக்குப் போயிற்று. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை, தராசில் ஏறி நிற்பவளைத் தவிர.

அக்கினி நட்சத்திரம் தொடங்குகிற வாரத்தில் இலக்கியா வயதுக்கு வந்தாள்.

செய்தி கேட்டு செந்தில் ஓடிவந்து, தாய்மாமன் முறைக்குப் பச்சைத் தென்னோலை வெட்டி வாசலுக்குப் பக்கத்தில் குடிசை கட்டினான். கட்டிவிட்டுப் போகும்போது, “சடங்கு முடிஞ்ச மூணாம் நாள் எங்க எடத்துல புள்ளைங்களுக்கு வகுப்பு ஆரம்பிக்குது. எடை?” என்று அக்காவின் காதில் கேட்டான்.

“முப்பத்து மூணுல நிக்குது.”

“ம்” என்றான்.

சுந்தராம்பாளுக்கு இப்போது உண்மையிலேயே வேலை வந்துவிட்டது. உளுந்தங்களி கிண்டினாள், பச்சை முட்டை உடைத்தாள், நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினாள். தன் மகள் மேகலாவுக்கு இதையெல்லாம் ஊட்ட அவள் பட்ட பாடு பெரம்பலூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். இங்கே கதை வேறாக இருந்தது.

“இன்னொரு உருண்டை வைக்கட்டாடி?”

“ரெண்டா வைங்க அத்தை.”

“எண்ணெ?”

“ஊத்துங்க, ஊத்துங்க.”

“பாரேன், கேட்டுக் கேட்டுத் திங்கறா! இப்படித் தின்னா இடுப்பெலும்பு இரும்பாட்டம் ஆயிரும்.”

“இடுப்புலதான அத்தை மாட்டுவாங்க.”

“எதடி?”

“பட்டத்த.”

சுந்தராம்பாள் ஓலைக் குடிசை வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்தாள். மத்தியான வெயிலில் பேச வேறு ஆளும் இல்லை. “சரி, சொல்லு. அங்க என்னதான் பண்ணுவாங்க? தொபுக்கடீர்னு கடல்ல தள்ளி வுட்ருவாங்களா?”

“அய்யய்ய. மொதல்ல தரையிலதான். சின்னப் பட்டம். காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கன்னத்துல பாத்துச் சொல்லணும். அது சரியா வந்தாதான் இடுப்பளவு தண்ணி. அப்பவும் பலகை கெடையாது. பட்டம் இழுக்கும், நாம மெதந்துகிட்டே போவணும். மெதக்கற சட்டை, தலைக்குத் தொப்பி எல்லாம் போட்டு விடுவாங்க. மாமா பக்கத்துலயே நிப்பாரு. கடேசியாத்தான் பலகை. ஆனா மொதப் பாடம் இது எதுவுமே இல்ல அத்தை.”

“பின்ன?”

“விடறது. காத்து மீறுச்சுன்னா கட்டைய அப்படியே விட்ரணும். கையத் தொறந்தா பட்டம் செத்துப்போயி விழுந்துரும். அப்பறமும் இழுத்தா செவப்பா ஒண்ணு இருக்கும், அதத் தட்டி விடணும். அதை நூறு வாட்டி செஞ்சு காட்டினாத்தான் மேல கத்துத் தருவாங்களாம்.”

“புடிக்கச் சொல்லிக் குடுப்பாங்கன்னு பாத்தா விடவா சொல்லிக் குடுக்கறாங்க? அதுக்கு எதுக்குடி கடலுக்குப் போவணும், எங்க வூட்டுக்காரரே சொல்லித் தருவாரே. கையில எதக் குடுத்தாலும் பஸ்சுல விட்டுட்டுதான் வருவாரு.” ஓலைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த பூங்குழலி நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் நாத்தனார் சிரித்து அவள் கேட்டது அபூர்வம்.

பதினாறாம் நாள் வைத்த சடங்குக்கு முதல்நாள் மத்தியானம் கொட்டகையில் யாருமில்லை. இலக்கியா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குடிசையை விட்டு வெளியே வந்து தராசில் ஏறினாள். பூங்குழலி பக்கத்தில் நின்றாள். எண்கள் துள்ளின, தயங்கின, முப்பத்தைந்தை ஒரு புள்ளி தாண்டி நின்றன. இலக்கியா கத்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவ்வளவுதான். திரும்பினால் நிலைப்படியில் மணிமாறன்.

“உள்ள போ” என்றார் மகளிடம். அவள் போகும்வரை காத்திருந்தார். “எடை வந்துட்டா ஆச்சா?”

“அதைத்தான கேட்டாங்க.”

“ஒம்பது வயசுல கேட்டப்ப நான் வேணாங்கல. இப்ப வயசுக்கு வந்துட்டா. அது வேற.”

பூங்குழலி தராசைப் பார்த்தாள். தட்டில் சின்னதாக இரண்டு பாதங்களின் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. மூன்று வருடமாக ஒரு பிள்ளை வளர வேண்டும் வளர வேண்டும் என்று சோற்றைப் பிசைந்து தின்றிருக்கிறாள். வளர்ந்ததும் அந்த வளர்த்தியையே காட்டிக் கதவைச் சாத்துகிறார்கள். இந்த நியாயம் தனக்கும் நடந்தது என்று நினைத்துக்கொண்டாள். சைக்கிள், கிணறு, கபடி எல்லாம் ஒரே காலையில் அவளிடமிருந்து போயின. அன்றைக்கு அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்று தெரியாது.

“சின்ன ஒடம்பா இருந்தப்ப கடலு வேணாம்னுச்சு. பெரிய ஒடம்பானதும் நீங்க வேணாங்கறீங்க. எந்த ஒடம்போடங்க அவ போறது?”

“வெயில்ல கறுத்துப் போவா. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“நாளைக்கு ஊரையே கூப்புட்டு, மைக்செட்டு வச்சு, எம் பொண்ணு வயசுக்கு வந்துட்டான்னு சொல்லப்போறது நீங்கதான? ஊருக்கே சொன்னப்பறம் நாலு பேருக்கு எதுக்கு ஒளியறது?”

மணிமாறன் முழங்கைத் தழும்பைத் தேய்த்துக்கொண்டார். குரல் இறங்கியது. “என்னையே இழுத்துச்சுடி. மூட்டை தூக்கற ஆளு நானு. அவ எம்மாத்திரம்?”

“நீங்க சுத்திப் புடிச்சீங்க.”

“கயிறுன்னா சுத்தித்தான் புடிப்பாங்க.”

அந்தப் பயத்தை அவள் அறிவாள். அது மகள் மேல் உள்ள பயம் என்பதும் தெரியும். தெரிந்ததால் சொல்லாமல் இருந்துவிட முடியாது என்று பட்டது. “நான் உங்களக் கேக்கலீங்க, சொல்றேன். நாளன்னிக்கு அரியலூர்ல ரயில் ஏறி நானும் அவளும் தம்பியோட போறோம். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துருவோம்.”

“என் வார்த்தைய மீறியா?”

“ஆமாங்க.”

அது அவ்வளவு சின்ன வார்த்தையாக இருக்கும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

மணிமாறன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியேறினார். தெருமுனையிலிருந்து குரல் மட்டும் வந்தது. “ஒன் தம்பிய பொடவ, வளையலோட மட்டும் வரச் சொல்லு. அந்தக் கண்றாவி எதுவும் என் வாசப்படி ஏறக் கூடாது.”

மறுநாள் தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். மேளம் முன்னால் வர, தாய்மாமன் வீட்டுச் சீர் வரிசையாக வந்தது. பெண்கள் தலைக்கு ஒரு தட்டாகச் சுமந்து வந்தார்கள். பழம், தேங்காய், இனிப்பு, வளையல், அரக்கு நிறப் பட்டுப்புடவை. கடைசித் தட்டைச் செந்திலே இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். மல்லிகைச் சரம் சுற்றிய அந்தத் தட்டில் சின்ன அளவில் ஒரு மிதவைச் சட்டை, ஒரு தொப்பி, முன்பக்கம் எஃகுக் கொக்கி வைத்த அகலமான ஒரு கறுப்புப் பட்டை.

மேளம் தானாக நின்றது. “இதென்ன, மாட்டுக்குக் கட்டற பட்டையா?” என்றது ஒரு குரல். இன்னொன்று, “மணிமாறா, மறுபடி ஏரோப்ளேனா?” என்றது. சிரிப்பு பரவியது.

மணிமாறனின் முகம் இருண்டது. “மாப்ள, மத்தத உள்ள வை. இத எடுத்துட்டுப் போ.”

செந்தில் அசையவில்லை. பூங்குழலிதான் முன்னால் வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை, நாத்தனாரைப் பார்த்தாள். “அண்ணி, முறை தெரிஞ்சவங்க நீங்க. தாய்மாமன் சபைக்குக் கொண்டாந்த சீரைத் திருப்பி அனுப்பற பழக்கம் உங்க வூட்டுல உண்டா?”

கூட்டம் சுந்தராம்பாள் பக்கம் திரும்பியது. அவள் சடங்குக்கு அவள் தாய்மாமன் கொண்டுவந்தது ஒரு பித்தளைக் குடமும் நூல்புடவையும்தான் என்று அங்கிருந்த கிழவிகளுக்குத் தெரியும். அன்றைக்கும் சிரித்தார்கள். அவள் அப்பா அந்தக் குடத்தை இரண்டு கையால் வாங்கி நடுவீட்டில் வைத்தார். அந்தக் குடம் இன்னும் பெரம்பலூரில் அவள் சமையலறையில் இருக்கிறது.

“சபைக்கு வந்துட்டா தட்டு தட்டுதான்” என்றாள். “குறை சொல்றவன் வூட்டுல பொண்ணு பொறக்கட்டும், அப்பப் பேசட்டும். குடு தம்பி.” வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். மேளக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் ஓங்கி அடித்தார்.

உள்ளறையில் தண்ணீர் ஊற்றி முடித்த ஈரத்தலையோடு இலக்கியா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். சுந்தராம்பாள் பெரம்பலூர்க் கடையில் வாடகைக்கு எடுத்து வந்திருந்த ஒட்டியாணத்தைப் பிரித்தாள். இலக்கியா அதைத் தொடவில்லை. தட்டிலிருந்து கறுப்புப் பட்டையை எடுத்துப் புடவைக்கு மேல் இடுப்பில் சுற்றி மாட்டினாள்.

“ஏய், என்னடி பண்றே?”

“தாய்மாமன் எடுத்த பொடவதான கட்டிக்கணும்? அப்ப தாய்மாமன் எடுத்த ஒட்டியாணந்தான் போட்டுக்கணும்.”

இதைப் பூங்குழலி சொல்லிக்கொடுக்கவில்லை. சுந்தராம்பாள் வாடகை ஒட்டியாணத்தைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். குனிந்து பட்டையின் வாரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். “தொளதொளன்னு இருக்கு. இறுக்கிக் கட்டு. நான் கிண்டிப் போட்ட களி வீணாப் போவக் கூடாது.”

இலக்கியா வெளியே வந்து மணையில் உட்கார்ந்தாள். முதலில் முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு, பிறகு ஒவ்வொரு கைபேசியாக உயர்ந்தது. “அக்கா, அந்த பெல்ட்டக் கழட்டச் சொல்லுங்க, போட்டோல நல்லாருக்காது” என்றான் படமெடுக்கிறவன்.

“அது கழட்டறதுக்கில்ல தம்பி. நீ எடு” என்றாள் பூங்குழலி.

ஆரத்தி சுற்றினார்கள். மணிமாறன் சாமியானாவின் மேற்குக் காலில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கம் அவர் திரும்பவேயில்லை. இலக்கியா மட்டும் அவ்வப்போது அந்தப் பக்கம் பார்த்தாள். ஒருமுறை அவள் கன்னத்தைத் திருப்பியபோது நெற்றி சுருங்கியது. மேற்கே வானம் புழுதி நிறமாக இருந்தது.

காற்று சொல்லிக்கொண்டு வரவில்லை. இலைகள் பறந்தன, சீர்த்தட்டு ஒன்று உருண்டது, நாற்காலிகள் சாய்ந்தன. சாமியானாவின் மேற்கு மூலைக் கயிறு முளையைப் பிடுங்கிக்கொண்டு விடுபட, அந்தப் பெரிய துணி வயிறு புடைத்து மேலே எழுந்தது. மணிமாறன் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கை தானாகவே ஒரு சுற்று, இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. துணி இன்னொரு முறை எழுந்தபோது அவர் குதிகால்கள் தரையை விட்டன.

“அப்பா! சுத்தாதீங்க!”

செந்தில் எழுந்தான். பூங்குழலி அவன் தோளைப் பிடித்தாள். “இரு. அவ போறா.”

இலக்கியா புடவைக் கொசுவத்தை ஒரு கையில் அள்ளிக்கொண்டு ஓடினாள். அவருக்கு முன்னால் போகவில்லை, கயிற்றுக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்றாள். அவள் இடுப்பில் கொக்கி பளபளத்தது. “என்னைப் பாருங்கப்பா. கையத் தொறங்க. விட்டா விழுந்துரும்.”

“விட்டா பந்தலு போயிரும்டி!”

“போவட்டும்ப்பா.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கயிறு விறைத்து முனகியது. மணிமாறன் அன்று முதல்முறையாக மகளைத் திரும்பிப் பார்த்தார். மணிக்கட்டில் இரத்தம் கட்டி விரல்கள் வெளுத்திருந்தன. அந்த விரல்கள் ஒரு சுற்றை அவிழ்த்தன. இன்னும் ஒரு சுற்று இருந்தது. இலக்கியா தன் இரண்டு கைகளையும் அவருக்கு நேராக நீட்டி, எப்படி என்று காட்டுவதுபோல, விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.